பறவைப் பாதுகாப்பு அமைப்பில் இன்டர்ன்ஷிப்: பதிலே வராத மின்னஞ்சல்களும் பணம் கேட்கும் பதில்களும்

கேள்வி: வணிகவியல் இறுதியாண்டு மாணவி நான். சில ஆண்டுகளாகத் தொடர்ந்து பறவைகள் பார்த்துவருகிறேன். படிப்பு முடிந்ததும் ஆறு மாதமாவது ஒரு பறவைப் பாதுகாப்பு அமைப்பில் இன்டர்ன்ஷிப் செய்ய ஆசை. பெரிய அமைப்புகளின் பொது முகவரிக்கெல்லாம் மின்னஞ்சல் அனுப்பினேன், பதிலே இல்லை. ஒரே ஒரு இடத்திலிருந்து பதில் வந்தது, ஆனால் நான்தான் பணம் கட்ட வேண்டும் என்கிறார்கள். விலங்கியல் படிக்காததுதான் காரணமா? எங்கே, எப்படித் தேடுவது? பணம் கட்டிப் போகலாமா? நல்ல பைனாகுலர் இருந்தால்தான் எடுப்பார்களா?

பதில்: முதலில் அந்தப் பதில் வராத மின்னஞ்சல்களைப் பற்றிப் பேசிவிடலாம். நீங்கள் அனுப்பியதை நான் பார்க்கவில்லை. ஆனாலும் ஓரளவு ஊகிக்க முடிகிறது, ஏனென்றால் நான் வேலை செய்யும் அமைப்பில் இன்டர்ன் விண்ணப்பங்களைப் படித்துத் தேர்வு செய்வதும் என் பொறுப்புதான். பெரும்பாலான கடிதங்கள் 'சிறு வயது முதலே எனக்குப் பறவைகள் என்றால் உயிர்' என்று தொடங்கி, 'எந்த வேலை கொடுத்தாலும் செய்யத் தயார்' என்று முடியும். எழுதுபவர் மனதார எழுதுகிறார், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் பறவை பிடிக்காத ஆள் யாரும் எங்களுக்கு எழுதுவதே கிடையாது என்பதால் முதல் வரி உங்களை மற்றவர்களிடமிருந்து பிரித்துக் காட்டாது. கடைசி வரியோ இன்னும் சிக்கல். எந்த வேலையும் செய்வேன் என்று சொன்னால், உங்களுக்கு என்ன வேலை கொடுப்பது என்று யோசிக்கும் வேலையையும் சேர்த்து எங்கள் தலையில் கட்டுகிறீர்கள்.

வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இது தெரிவதில்லை: இன்டர்ன் என்பவர் அமைப்புக்கு இலவசமாகக் கிடைக்கும் கூடுதல் கை இல்லை. ஒருவரை எடுத்தால் அவருக்குச் சொல்லிக்கொடுக்க, அவர் எழுதிய தரவைச் சரிபார்க்க, தங்க இடம் பார்க்க, காட்டில் கால் சுளுக்கினால் அழைத்துப்போக ஒருவர் வேண்டும். நாலைந்து பேர் மட்டும் வேலை செய்யும் அமைப்பில் அந்த ஒருவரின் வேலை நேரத்தில் கணிசமான பங்கு இதிலேயே போய்விடும். அதனால் விண்ணப்பத்தைப் படிக்கும்போது எங்கள் மனதில் ஓடுவது ஒரே கேள்விதான்: இந்த ஆள் ஒரு வேலையை எடுத்தால் யாரும் பின்னால் நிற்காமலே தொடர்ந்து செய்து முடிப்பாரா? அதற்குச் சான்று இருக்கும் விண்ணப்பம் மேலே போகும். பட்டம், மதிப்பெண், கேமரா எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

விலங்கியல் படிக்காததுதான் காரணமா என்றால், பாதி ஆமாம், பாதி இல்லை. ஆய்வுத் திட்டங்களில் சில இடங்களுக்கு உயிரியல் பட்டம் கேட்பார்கள், அதில் விவாதிக்க ஒன்றுமில்லை. பறவையியல் ஆய்வாளராக ஆவதுதான் உங்கள் நோக்கம் என்றால், இன்டர்ன்ஷிப் மட்டும் போதாது, பின்னால் ஒரு முதுகலைப் படிப்பாவது தேவைப்படும். ஆனால் பறவைப் பாதுகாப்பு அமைப்பு என்பது பறவையியலாளர்கள் மட்டும் இருக்கும் இடம் என்று நினைக்காதீர்கள். கூடுகளைக் கண்காணிக்கும் திட்டத்துக்குப் பணம் கொடுத்த அறக்கட்டளை எந்தச் செலவு எந்தத் தலைப்பில் போனது என்று கணக்குக் கேட்கும். நன்கொடையாளர் பட்டியலை ஒழுங்காக வைத்திருக்க வேண்டும், ஆண்டறிக்கை எழுத வேண்டும், அடுத்த மானியத்துக்கு வரவு செலவுத் திட்டம் போட வேண்டும். இதையெல்லாம் பல இடங்களில் யார் செய்கிறார் தெரியுமா? களத்தில் நாரைக் கூடு எண்ணிவிட்டு வந்த அதே ஆய்வாளர், இரவு உட்கார்ந்து, வேண்டாவெறுப்பாக. வணிகவியல் படித்த, அதோடு பறவைகளையும் அடையாளம் காணத் தெரிந்த ஒருவர் 'வாரத்தில் இரண்டு நாள் உங்கள் மானியக் கணக்கறிக்கையைத் தயாரிக்க உதவுகிறேன், மீதி நாள் களத்தில் கற்றுக்கொள்கிறேன்' என்று எழுதினால் எனக்கே கை துறுதுறுக்கும். உங்கள் படிப்பை மன்னிப்புக் கேட்கும் தொனியில் சொல்லாதீர்கள், முன்வரிசையில் வையுங்கள்.

அதற்கு முன்னால், இன்டர்ன்கள் உண்மையில் என்ன செய்கிறார்கள் என்று தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் பலர் வந்த இரண்டாவது வாரத்திலேயே முகம் சுருங்கிப் போவது இங்கேதான். களப்பணி என்றால் விடிவதற்கு முன்பே எழுந்து, குறித்த இடத்தில் நின்று, ஐந்து அல்லது பத்து நிமிடம் காதில் விழுவதையும் கண்ணில் படுவதையும் தூரத்தோடு குறித்துவிட்டு, அடுத்த இடத்துக்கு நடந்து, அங்கேயும் அதையே செய்வது. கூடு கண்காணிப்பு என்றால் சில நாட்களுக்கு ஒரு முறை அதே கூட்டுக்குப் போய் முட்டை எத்தனை, குஞ்சு எத்தனை, எது காணாமல் போனது என்று பார்ப்பது. வளையமிடும் நிலையம் (பறவையைப் பிடித்து, காலில் எண் பொறித்த வளையம் மாட்டிப் பறக்கவிடும் இடம்) என்றால் மெல்லிய வலைகளை விடியலில் விரித்து அரை மணிக்கொரு முறை சுற்றிவருவது. வலையில் ஒன்றுமே விழாத சுற்றுகள் ஏராளம். தானியங்கி ஒலிப்பதிவுக் கருவிகளை மரத்தில் கட்டிவைத்துப் பல மணி நேரப் பதிவை எடுத்துவந்து, பேர்ட்நெட் மாதிரி மென்பொருள் சொன்ன பெயர்கள் சரிதானா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுச் சரிபார்ப்பது இப்போது பெரிய வேலையாகிவிட்டது. கடற்கரையில் முட்டையிடும் பறவைகளுக்காக வேலை செய்யும் அமைப்பில், நாயோடு நடக்க வருகிறவர்களிடம் பொறுமையாகப் பேசுவதே முழுநேர வேலை. நகரங்களில் கண்ணாடிக் கட்டடங்களில் மோதி விழும் பறவைகளைக் காலையில் முதல் ஆளாகப் போய்த் தேடி எடுக்கும் வேலையும் இருக்கிறது. கனடாவில் ஃப்ளாப் என்ற அமைப்பு 1993 முதல் தன்னார்வலர்களை வைத்து இதைச் செய்துவருகிறது. இதற்குக் காடும் வேண்டாம், மலையும் வேண்டாம்.

எதைச் சொன்னாலும் கடைசியில் எண்ணுவது, எழுதுவது, திரும்பவும் எண்ணுவது என்று வந்து நிற்கிறது, இல்லையா? அலுப்பான வேலைதான். ஆனால் பறவைப் பாதுகாப்பின் முதுகெலும்பு அதுதான். பாறு கழுகுகளின், அதாவது பிணந்தின்னிக் கழுகுகளின், கதையை எடுத்துக்கொள்ளுங்கள். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் விபு பிரகாஷ், 1980களின் நடுவில் பரத்பூரின் கேவலாதேவ் பூங்காவில் பாறுகளைக் கணக்கெடுத்திருந்தார். சுமார் பத்து ஆண்டு கழித்து அதே இடத்தில் திரும்ப எண்ணியபோது வீழ்ச்சி அப்பட்டமாகத் தெரிந்தது. 1990களின் தொடக்கத்தில் சாலை வழியாகப் போய் எண்ணிய அதே வழித்தடங்களில் பின்னால் பலமுறை எண்ணிப் பார்த்தபோது, 2007 வாக்கில் வெண்முதுகுப் பாறு கிட்டத்தட்ட ஆயிரத்தில் ஒரு பங்காகச் சுருங்கியிருந்தது. மாடுகளுக்குக் கொடுத்த டைக்ளோஃபெனாக் என்ற வலிநிவாரணி, செத்த மாடுகளைத் தின்ற பாறுகளைக் கொன்றதுதான் காரணம் என்று 2004-இல் ஆய்வு வெளியானது, 2006-இல் இந்தியா, பாகிஸ்தான், நேபாளம் மூன்றும் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தன. அந்தப் பழைய எண்ணிக்கைகள் இல்லாமல் இருந்திருந்தால், 'முன்பெல்லாம் நிறைய இருந்த மாதிரி ஞாபகம்' என்பதற்கு மேல் யாராலும் அரசிடம் போய் ஒன்றும் சொல்லியிருக்க முடியாது. அதனால்தான் ஒழுங்காக, சலிக்காமல், ஒரே முறையில் குறிப்பெடுக்கிற ஆளைப் பார்த்தால் எங்களுக்கு இத்தனை ஆசை.

இப்போது உங்களிடம் வருகிறேன். சில ஆண்டுகளாகப் பறவை பார்க்கிறீர்கள், சரி. அது எங்கே எழுதப்பட்டிருக்கிறது? கார்னெல் பறவையியல் ஆய்வகமும் ஆடுபான் சங்கமும் சேர்ந்து 2002-இல் தொடங்கிய, பார்த்த பறவைகளைப் பதிவு செய்யும் ஈ-பேர்ட் தளத்தில் உங்களுக்குக் கணக்கு இல்லையென்றால் இன்றைக்கே தொடங்குங்கள். இருந்தால் அதில் என்ன இருக்கிறது என்று ஒரு தேர்வாளரின் கண்ணால் பாருங்கள். வாழ்நாள் பட்டியலில் எத்தனை இனம் என்பதை எல்லோரும் பெருமையாக எழுதுகிறார்கள். என்னைக் கேட்டால் அது பயணச் செலவுக்குக் கையில் காசு இருந்தது என்பதைத்தான் காட்டுகிறது. வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு குளத்துக்கோ பூங்காவுக்கோ வாரம் தவறாமல் ஓராண்டு போய், ஒவ்வொரு முறையும் நேரம், தூரம் குறித்து, பார்த்த எல்லா இனத்தையும் எண்ணிக்கையோடு முழுப் பட்டியலாகப் போட்டிருப்பவர்தான் என் கண்ணில் முதலில் படுவார். முழுப் பட்டியல் ஏன் முக்கியம் என்றால், நீங்கள் எழுதாமல் விட்ட பறவையும் அதில் தகவல்தான். அரிய பறவையை மட்டும் பதிவு செய்து காக்கையையும் மைனாவையும் விட்டுவிட்ட பட்டியலை வைத்துக்கொண்டு எந்தப் பறவை குறைகிறது என்று யாராலும் கணக்குப் போட முடியாது.

இனம் தெரியாதபோது இனம் தெரியவில்லை என்றே எழுதுங்கள். ஐந்து சிறிய உள்ளான்களை 'உள்ளான் வகை' என்று விட்டுவிட்ட பட்டியல் எனக்கு நம்பிக்கை தரும். ஐந்தையும் ஐந்து பெயர்களோடு போட்டிருக்கும் தொடக்கநிலைக்காரரின் பட்டியல் சந்தேகத்தைத் தரும். மெர்லின் செயலி 2021 முதல் குரலைக் கேட்டே பெயர் சொல்கிறது. அருமையான கருவி, கற்றுக்கொள்ளப் பயன்படுத்துங்கள், ஆனால் அது சொன்னதை அப்படியே பட்டியலில் ஏற்றாதீர்கள். நேர்காணலில் ஒரு பதிவைக் காட்டி 'இதை எப்படி உறுதி செய்தீர்கள்?' என்று நான் கேட்பேன், 'ஆப் சொன்னது' என்ற பதிலோடு பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

இன்னொன்று, பலருக்குத் தெரியாமலே அவர்களுக்கு எதிராகப் போய்விடுவது: உங்கள் சமூக ஊடகப் பக்கத்தையும் நாங்கள் பார்ப்போம். கூட்டுக்கு மிக அருகில் போய் எடுத்த குஞ்சுப் படங்கள், மறைத்த கிளைகளை ஒதுக்கிவிட்டு எடுத்தவை, ஆந்தை தங்கும் மரத்தை ஊர் பெயரோடு போட்ட பதிவுகள், ஒலியைத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டுப் பறவையை வெளியே இழுத்ததாகப் பெருமையடிக்கும் வரிகள், இவற்றைப் பார்த்துவிட்டு எவ்வளவு நல்ல விண்ணப்பமானாலும் மூடிவைப்பவர்கள் என்னைப் போல் நிறையப் பேர் உண்டு.

சரி, எங்கே தேடுவது. பெரிய பெயர்கள் எல்லோருக்கும் தெரியும்: 1889-இல் தொடங்கிய பிரிட்டனின் ஆர்எஸ்பிபி, அமெரிக்காவின் ஆடுபான், இந்தியாவின் பிஎன்எச்எஸ் (மேலே சொன்ன பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம்), உலக அளவில் பேர்ட்லைஃப் இன்டர்நேஷனல். எல்லோருக்கும் தெரியும் என்பதுதான் பிரச்சினை. அவற்றின் பொது முகவரிக்குப் போகும் மின்னஞ்சல் முதலில் ஒரு நிர்வாக உதவியாளரிடம் போகிறது, அவரிடம் எந்த ஆய்வாளருக்கு ஆள் தேவை என்ற விவரம் இருக்காது. பேர்ட்லைஃப் என்பது உண்மையில் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளின் அமைப்புகள் சேர்ந்த கூட்டணி. அதன் தளத்தில் இருக்கும் கூட்டாளி அமைப்புகளின் பட்டியலை எடுத்து, சிறிய நாடுகளின் சிறிய அமைப்புகளைப் பாருங்கள். அப்புறம் பறவை நோக்கு நிலையங்கள். ஸ்காட்லாந்தின் ஃபேர் தீவு, கனடாவின் லாங் பாயிண்ட் மாதிரியான நிலையங்கள் வலசைக் காலங்களில் தன்னார்வலர்களையும் எடுத்துக்கொள்கின்றன. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் இருக்கும் ஹாக் மவுண்டன் இரைகொல்லிப் பறவைகளுக்கான சரணாலயம், 1934-இலிருந்து இருக்கிறது. வெளிநாட்டவர்களையும் பயிற்சிக்கு எடுத்து, தங்குமிடமும் உதவித்தொகையும் கொடுக்கும் அரிய இடங்களில் அது ஒன்று. வளையமிடுதலைக் கற்க வேண்டும் என்றால், 1989 முதல் மேப்ஸ் என்ற வளையமிடும் திட்டத்தை நடத்திவரும் இன்ஸ்டிட்யூட் ஃபார் பேர்ட் பாப்புலேஷன்ஸ் பயிற்சி கொடுத்துக் களத்துக்கு அனுப்பும் இன்டர்ன் இடங்களை அறிவிக்கும். அறிவிப்புகளை ஒரே இடத்தில் பார்க்க, ஆர்னிதாலஜி எக்ஸ்சேஞ்ச் தளமும் டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் வனவிலங்கு வேலைப் பலகையும் போதும். இரண்டையும் வாரம் ஒரு முறை புரட்டும் பழக்கம் வையுங்கள்.

ஆனால் நல்ல இடங்களில் பாதி அறிவிப்பாகவே வராது. அதைக் கண்டுபிடிக்க எனக்குத் தெரிந்த இரண்டு வழிகளைச் சொல்கிறேன். ஒன்று, உங்களுக்குப் பிடித்த பறவையைப் பற்றியோ வாழிடத்தைப் பற்றியோ சமீபத்தில் வந்த ஆய்வுக் கட்டுரைகளை எடுத்து, நேராகக் கடைசியில் இருக்கும் நன்றியுரைக்குப் போங்கள். களப்பணியில் உதவியவர்கள் என்று பத்துப் பெயர் இருந்தால், அந்தக் குழு ஆட்களை எடுக்கிற குழு. யார் பணம் கொடுத்தார்கள் என்பதும் அங்கேயே இருக்கும். இரண்டு, அமைப்புகளின் ஆண்டறிக்கையையும் மானியம் கொடுக்கும் அறக்கட்டளைகளின் அறிவிப்புகளையும் படியுங்கள், கணக்குப் படித்த உங்களுக்கு அது சிரமமாகவும் இருக்காது. மூன்றாண்டுத் திட்டத்துக்கு இப்போதுதான் பணம் கிடைத்திருக்கிறது என்றால், அடுத்த சில மாதங்களில் அவர்களுக்குக் கண்டிப்பாக ஆள் வேண்டும். அறிவிப்பு வருவதற்கு முன்பே உங்கள் கடிதம் அங்கே இருக்கட்டும்.

காலமும் முக்கியம். வடக்கு மிதவெப்ப நாடுகளில் இனப்பெருக்கக் காலம் ஏறக்குறைய ஏப்ரல் முதல் ஜூலை வரை. அதற்கான ஆட்களை டிசம்பரிலிருந்து மார்ச்சுக்குள் எடுத்து முடித்துவிடுவார்கள். இலையுதிர்கால வலசைக்கான இடங்கள் கோடையிலேயே நிரம்பும். தெற்கு அரைக்கோளத்தில் இது தலைகீழ். தேர்வு முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் அந்த ஆண்டு போய்விடும்.

மின்னஞ்சலுக்கு வருகிறேன். பொது முகவரிக்கு வேண்டாம், அந்தத் திட்டத்தை நடத்துகிறவரின் பெயருக்கு எழுதுங்கள். தலைப்பிலேயே என்ன, எப்போதிலிருந்து எப்போது வரை என்று இருக்கட்டும். உள்ளே இப்படி ஏதாவது:

'உங்கள் ஆற்று ஆலா திட்டத்தின் சென்ற ஆண்டறிக்கையைப் படித்தேன். ஆற்றுத் திட்டுகளில் கூடு கண்காணிப்பை இந்த ஆண்டு விரிவாக்கப் போவதாக எழுதியிருந்தீர்கள். நான் என் பகுதிக் குளத்தில் ஓராண்டாக வாரம் ஒரு முறை நீர்ப்பறவைகளை எண்ணிவருகிறேன், பட்டியல்களின் இணைப்பு கீழே. வணிகவியல் இறுதியாண்டு, விரிதாளில் பெரிய தரவுகளைச் சரிபார்த்துத் தொகுக்கத் தெரியும், மானியச் செலவறிக்கை தயாரிக்கவும் உதவ முடியும். பிப்ரவரி முதல் ஜூலை வரை முழுநேரம் வர முடியும். தங்குமிடம் இருந்தால் போதும் என்ற நிலையில் இருக்கிறேன் / மாத உதவித்தொகை இல்லாமல் வர இயலாது. இருபது நிமிடம் பேச நேரம் கிடைக்குமா?'

இவ்வளவுதான். சாய்கோட்டுக்கு இரண்டு பக்கமும் இருப்பதில் உங்களுக்கு எது உண்மையோ அதை மட்டும் வையுங்கள். பணத்தைப் பற்றிக் கேட்டால் தவறாக நினைப்பார்களோ என்று தயங்க வேண்டாம், முதலிலேயே தெரிந்தால் எங்களுக்கும் நேரம் மிச்சம். ஆற்று ஆலா என்பது என் உதாரணம், நீங்கள் அந்த அமைப்பின் வேலையை உண்மையிலேயே படித்துவிட்டுத்தான் எழுத வேண்டும். நாற்பது இடத்துக்கு ஒரே கடிதத்தை அனுப்புவதைவிட ஐந்து இடத்துக்கு ஐந்து கடிதம் எழுதுவது மேல். இரண்டு வாரம் கழித்தும் பதில் இல்லையென்றால் ஒரு முறை நினைவூட்டுங்கள். களத்தில் இருப்பவர்கள் சில சமயம் பல நாள் மின்னஞ்சலே பார்ப்பதில்லை, பதில் வராததை நிராகரிப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

சுயவிவரம் ஒரே பக்கம். எத்தனை இனங்களைக் குரலை வைத்து அடையாளம் காண்பீர்கள், வண்டி ஓட்டத் தெரியுமா, நீந்தத் தெரியுமா, முதலுதவிப் பயிற்சி உண்டா, என்னென்ன மொழி பேசுவீர்கள், இதெல்லாம் அதில் இருந்தால் போதும். க்யூஜிஐஎஸ் (நிலவரைபடம் போட), ஆர் (புள்ளிவிவரக் கணக்குக்கு) இரண்டும் இலவச மென்பொருள்கள். இவற்றில் ஒன்றில் உங்கள் குளத்துத் தரவை வைத்தே ஒரு சின்ன நிலவரைபடமோ கோட்டு வரைபடமோ போட்டு இணைத்தால் நூறு வரி எழுதுவதற்குச் சமம். எதையும் கூட்டிச் சொல்லாதீர்கள், முதல் நாள் காலையிலேயே தெரிந்துவிடும்.

அடுத்து, அந்தப் பணம் கேட்கும் இடம். நேரடியாகச் சொல்கிறேன்: வேலையை நீங்கள் செய்து, பணத்தையும் நீங்களே கட்டுவதாக இருந்தால் அது இன்டர்ன்ஷிப் இல்லை, சுற்றுலா. சுற்றுலா போவதில் தவறில்லை, ஆனால் அதைச் சுற்றுலா என்று தெரிந்தே போக வேண்டும். இத்துறையில் ஊதியமில்லாத இடங்கள் அதிகம் என்பது எங்களுக்கே வெட்கமான விஷயம், வீட்டில் பணம் இருப்பவர்கள் மட்டுமே தாக்குப்பிடிக்கும் துறையாக இது ஆகிவிட்டது என்ற விமர்சனத்தில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் குறைந்தபட்ச எல்லை ஒன்று வேண்டும். உணவும் தங்குமிடமும் கொடுத்து உதவித்தொகை இல்லாத இடத்தை, கற்றுக்கொடுக்க நல்ல ஆள் இருந்தால், சில மாதங்களுக்கு ஏற்கலாம். நீங்கள் பணம் கட்ட வேண்டும் என்றால் ஒரே விதிவிலக்கு, அது உண்மையான பயிற்சி வகுப்பாக இருப்பது. உதாரணமாக, உரிமம் பெற்ற பயிற்சியாளரிடம் வளையமிடுதல் கற்பது. பிரிட்டனில் பிடிஓ என்ற பறவையியல் அறக்கட்டளை, அமெரிக்காவில் கூட்டாட்சி அரசின் வளைய ஆய்வகம் என்று பல நாடுகளில் இதற்கு உரிம முறை இருக்கிறது. அங்கெல்லாம் உரிமம் வைத்திருப்பவரின் மேற்பார்வை இல்லாமல் பறவையை வலையில் பிடிப்பது சட்டவிரோதம். இதையே திருப்பிப் போட்டு ஒரு சோதனையாக வைத்துக்கொள்ளலாம்: உரிமம் யார் பெயரில் இருக்கிறது என்று கேளுங்கள். மழுப்பினால் அந்த இடம் வேண்டாம். 'வந்த முதல் நாளே காட்டுப் பறவைகளைக் கையில் ஏந்தலாம்' என்று விளம்பரம் செய்கிற இடமும் வேண்டாம். நேர்காணலே இல்லாமல் தேர்வாகிவிட்டீர்கள், இடத்தை உறுதி செய்ய முன்பணம் அனுப்புங்கள் என்று வந்தால் அது மோசடி, பதில்கூட எழுத வேண்டாம்.

பணம் கேட்காத இடமானாலும் ஒப்புக்கொள்வதற்கு முன் சிலவற்றை எழுத்தில் வாங்குங்கள். நேரடி மேற்பார்வையாளர் யார், வாரத்தில் எத்தனை நாள் விடுப்பு, விபத்துக் காப்பீடு யார் பொறுப்பு, பெண்களுக்குத் தனித் தங்குமிடம் உண்டா, தொலைபேசித் தொடர்பு இல்லாத இடமென்றால் அவசரத்துக்கு என்ன ஏற்பாடு, மேற்பார்வையாளர் மீதே புகார் இருந்தால் யாரிடம் சொல்வது. கடைசிக் கேள்வியைக் கேட்கக் கூச்சமாக இருக்கும், கேளுங்கள். ஒழுங்கான அமைப்பு அதற்குச் சட்டென்று பதில் சொல்லும். இதுவரை இன்டர்னாக இருந்த இரண்டு பேரின் தொடர்பைக் கேட்டு அவர்களிடம் தனியாகப் பேசுவது எல்லாவற்றையும்விடப் பயனுள்ளது. வெளிநாடென்றால் ஊதியமில்லாத தன்னார்வப் பணியைக்கூடச் சில நாடுகள் வேலை என்றே கருதும், சுற்றுலா விசாவில் போய்ச் சிக்கிக்கொள்ளாதீர்கள், விசா வகையை அமைப்பே எழுதித்தரட்டும்.

ஆறு மாதம் வெளியே தங்க வீட்டில் வசதி இல்லை என்றால் இருந்த இடத்திலிருந்தே செய்யும் வேலைகளும் இருக்கின்றன. தானியங்கி கேமராப் படங்களில் பறவைகளை அடையாளம் குறிப்பது, ஒலிப்பதிவுகளைச் சரிபார்ப்பது, அருங்காட்சியகச் சேகரிப்புகளின் பழைய சீட்டுகளைத் தட்டச்சு செய்வது, விழிப்புணர்வுப் பிரசுரங்களை மொழிபெயர்ப்பது. பொதுமக்கள் இணையம் வழியாக ஆய்வுகளுக்கு உதவும் ஸூனிவர்ஸ் தளத்தில் யார் வேண்டுமானாலும் இன்றைக்கே தொடங்கக்கூடிய திட்டங்கள் உண்டு. இவற்றை முழு இன்டர்ன்ஷிப்புக்கு ஈடு என்று சொல்ல மாட்டேன், ஆனால் ஒரு திட்டத்தில் நான்கு மாதம் தொடர்ந்து வேலை செய்து, அதை நடத்துகிறவர் உங்களை நினைவில் வைத்திருந்தால், அடுத்த முறை கள இடம் காலியாகும்போது அவர் முதலில் எழுதுவது உங்களுக்காக இருக்கலாம். எங்கள் அமைப்பிலேயே அப்படி வந்தவர்கள் இருக்கிறார்கள்.

நேர்காணலைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. லத்தீன் பெயர்களை ஒப்பிக்கச் சொல்ல மாட்டோம். நான் வழக்கமாகக் கேட்பது: நான்கு பேர் ஒரே அறையில், மழை, வலையைத் திறக்கவே முடியாத ஒரு வாரம், என்ன செய்வீர்கள்? ஒரு நாள் எண்ணிக்கையைக் குறிக்க மறந்துவிட்டீர்கள், யாரும் பார்க்கவில்லை, தாளில் என்ன எழுதுவீர்கள்? இரண்டாவதற்குச் சரியான பதில் 'அன்று தரவு இல்லை என்று எழுதுவேன்' என்பது மட்டும்தான். ஞாபகத்திலிருந்து தோராயமாக நிரப்புவேன் என்று உற்சாகமாகச் சொன்ன கெட்டிக்காரர்களை நாங்கள் எடுத்ததில்லை.

பைனாகுலர் விஷயம். விலையுயர்ந்தது இருந்தால்தான் எடுப்பார்கள் என்பது இல்லவே இல்லை, விண்ணப்பத்தில் அதன் பெயரை எழுதவும் வேண்டாம். வாங்குவதென்றால் 8x42 அளவில் (எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர்), கையில் பிடித்துப் பார்த்துக் கண்ணுக்கு உறுத்தாத ஒன்றை வாங்குங்கள். 10x என்றால் பறவை பெரிதாகத் தெரியும், ஆனால் கை நடுக்கமும் சேர்ந்து பெரிதாகத் தெரியும், பார்வைப் பரப்பும் சுருங்கும், அடர்ந்த இடத்தில் பறவையைப் பிடிப்பதற்குள் அது போய்விடும். தொலைநோக்கி, வலை, வளையம், ஒலிப்பதிவுக் கருவி எல்லாம் பொதுவாக அமைப்பே கொடுக்கும். இப்போது கையில் இருப்பது பழையதானால் அதை வைத்தே அந்தக் குளத்துக் கணக்கை இந்த வாரம் தொடங்கிவிடுங்கள். டிசம்பரில் விண்ணப்பம் எழுத உட்காரும்போது இணைப்பாகக் கொடுக்க ஏதாவது இருக்க வேண்டும்.